ஷேட் கார்டு

மருதாணி இல்லை அக்கா இது. நானும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன், வேப்பலோடையில் நான் ஏறினதிலிருந்து என் உள்ளங்கையையே பார்க்கிறீர்கள். மருதாணி இப்படியா பிடிக்கும்? காரட்டைக் கசக்கிப் பூசினமாதிரி அல்லவா இருக்கிறது? விரல் இடுக்கைப் பாருங்கள், திட்டுத் திட்டாக. சோப்புக்கும் போகாது, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. தோல் உரிந்தால்தான் போகும்.

நான் சாதாரணமாக யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கே என் குரல் எப்படியிருக்கும் என்று சந்தேகம். ஆனால் இன்றைக்குப் பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். உங்களுக்கு ஜன்னலோரம் வேண்டுமா? வேண்டாமா? சரி.

வேப்பலோடையில் சினிமா எடுக்கிறார்களே, கேள்விப்பட்டீர்களா? அங்கிருந்துதான் வருகிறேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை, வேலைக்குப் போனேன். இந்தக் கோடை முழுக்க அங்கேதான். இன்றைக்கு மத்தியானம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். போன் வரும். வந்தால் எடுக்க மாட்டேன். தேடட்டும்.

கையில் இருப்பது ஒரு லோஷன் அக்கா. வெளிநாட்டு பாட்டில். தேய்த்துக்கொண்டு படுத்தால் காலையில் தோல் கறுத்திருக்கும். நிஜமாகத்தான். அங்கே வெள்ளைக்காரர்கள் இதைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிறார்களாம். கடற்கரையில் வெயில் காய்ந்து வந்தமாதிரி தெரிய வேண்டுமாம். எங்கள் தெருவில் போய் இதைச் சொன்னால் என்னைப் பிடித்து மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுவார்கள்.

என் பெயர் சுயம்புக்கனி. எம்.ஏ. இங்கிலீஷ். அப்பா தூத்துக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மேடை ஏறினால் மட்டும் எனக்கு வாய் திறக்கும். கல்லூரி ஆண்டுவிழாவில் தனி நடிப்பில் நான்தான் முதல் பரிசு. அதைப் பார்த்த எங்கள் பேராசிரியை ஒருத்தர்தான் சினிமாக்காரர்களிடம் என்னைச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு இங்கிலீஷும் தெரிந்த, நம் ஊர்ப் பேச்சும் தெரிந்த ஒரு பெண் வேண்டியிருந்தது. கதாநாயகி வடக்கே சண்டிகரில் இருந்து வருகிறார், உப்பளத்துப் பெண்ணாக நடிக்கிறார், அவருக்கு நம் பேச்சைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் பெயர் மெஹக். எல்லாரும் மேடம் என்பார்கள், நானும் அப்படித்தான்.

"பேச்சு சொல்லிக் குடும்மா. கூடவே ஒரு சீன் இருக்கு, ஹீரோயின் தங்கச்சி. சாப்பாட்டுத் தூக்கு எடுத்துட்டு உப்பளத்துக்கு வருவா. அதை நீயே பண்ணிடு" என்று டைரக்டர் என்னிடம் நேராகச் சொன்னார். கௌசிக் என்று உதவி டைரக்டர் ஒருவர், அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

ஒரே ஒரு சீன் அக்கா. அதற்காகத்தான் இவ்வளவும் பொறுத்தேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்க சுயம்பு படத்துல வாரா" என்று, மாவு மில்லில்கூட.

அந்த சீனுக்கு மெட்ராஸில் இருந்து எழுதிக்கொண்டு வந்த வசனம் என்ன தெரியுமா? "அக்கா, கையில இருக்கிற காயத்துல உப்பு பட்டா வலிக்கும் இல்ல? இரு, நான் உனக்கு ஊட்டி விடுறேன்." இப்படி யாராவது பேசுவார்களா? நான்தான் மாற்றினேன். "ஏக்கா, உப்புக் கடிச்ச கையால சோத்தப் பிசையாத. தா, நான் ஊட்டுதேன்." டைரக்டர் கேட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். அது என்னுடைய வரி. உப்பளத்தில் ஒரு பெண் தன் அக்காவிடம் சோறு தின்கிற நேரத்தில் இந்தமாதிரி ஏதோ சொன்னாள், என் காதில் விழுந்தது. ஆனால் அதை வசனமாக்கியது நான்தானே?

சரி, லோஷனுக்கு வருகிறேன்.

மேடம் வெளுப்பென்றால் அப்படி ஒரு வெளுப்பு. நரம்பு தெரியும். அவரை உப்பளத்துக்காரியாக்க வேண்டும். சினிமாவில் இதற்கு டல் மேக்கப் என்று பேர். பேரைக் கேட்டீர்களா? வெளுத்த ஆளைக் கறுப்பாக்கினால் டல். மேக்கப்மேன் பெனடிக்ட் அண்ணன் முதலில் வழக்கமான மாவைத்தான் அப்பினார். வேப்பலோடை வெயிலில் அது நிற்குமா? மேடத்துக்குக் கழுத்தில் வியர்த்து, சட்டைக் காலர் எல்லாம் காப்பி கொட்டினமாதிரி ஆகிவிட்டது. டைரக்டருக்கு வாயில் ஒரே வார்த்தைதான், நேச்சுரல். "நேச்சுரலா வேணும் பெனடிக்ட். தோலே அந்தக் கலர்ல இருக்கணும். நேச்சுரலா." உப்புத் தண்ணீர் நேச்சுரல், வெயில் நேச்சுரல், டப்பிங் கிடையாது, அங்கேயே குரலைப் பிடித்துவிடுவார்கள், அதுவும் நேச்சுரல். கதாநாயகி மட்டும் பாட்டிலில் இருந்து வரவேண்டும்.

அப்படித்தான் அந்த லோஷன் வந்தது. அதற்கு என்ன சடங்கு என்கிறீர்கள்! முதலில் உடம்பை நாரால் தேய்த்து உரித்துவிட வேண்டும். ஈரம் இருக்கக்கூடாது. முழங்கை, முட்டி, கணுக்கால், இங்கெல்லாம் பட்டும் படாமல்தான் பூச வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் தனியாகக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரே பக்கமாக வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் விடியும்வரை தண்ணீர் படக்கூடாது. வறுத்த மாவில் தண்ணீர் தெளித்தால் ஒரு வாடை வருமே, அது கேரவன் முழுக்க அடிக்கும்.

முதல் நாள் மேடம் கேரவனை விட்டு இறங்கினார் பாருங்கள், லைட் போடுகிறவர்கள் எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள், சிரிப்பை அடக்க. ஆரஞ்சு அக்கா. பழுத்த பறங்கிக்காய்.

"என்ன பெனடிக்ட் இது, தந்தூரி அடுப்புல வெச்சு எடுத்தியா?" என்றார் டைரக்டர்.

"பாட்டில்ல மீடியம்னு போட்டிருக்கு சார்."

"எனக்கு மீடியம் வேணாம்யா. நேச்சுரல் வேணும்." அப்படிச் சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். பார்த்தவர் கையை நீட்டினார். "அதோ. அந்தக் கலர். அதுதான் எனக்கு வேணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிதான் நின்றது.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் நிறத்தைக் கைநீட்டி, வேண்டும் என்று இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள்? நான் பிறந்தபோது எங்கள் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸிடம், "பிள்ளையக் கழுவிட்டுத்தான் குடுத்தியளா?" என்று கேட்டாளாம். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த ஒரு நொடிதான். அடுத்த நொடி பெனடிக்ட் அண்ணன் வந்து என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, மேடத்தின் கைக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்து வைத்தார். கேட்கக்கூட இல்லை. துணிக்கடையில் ரவிக்கைத் துண்டை எடுத்துப் புடவை மேல் வைத்துப் பார்ப்போமே, அப்படி.

அன்றிலிருந்து தினமும் அதுதான் அக்கா. காலையில் போனதும் கேரவனில் என் கை, மேடத்தின் கை. சாயங்காலம் லோஷன் கலக்கும்போது என் கை, மேடத்தின் கை. பெனடிக்ட் அண்ணன் வைத்த பேர் ஷேட் கார்டு. பெயிண்டுக் கடையில் கலர் பார்க்க ஒரு அட்டை கொடுப்பார்களே, அது. "ஷேட் கார்டு வந்தாச்சா?" "ஏய், ஷேட் கார்டைக் கூப்பிடு." "ஷேட் கார்டு டீ குடிக்கப் போயிருக்கு." டீ கொடுக்கிறவர்வரை அதே பேர். சுயம்புக்கனி என்கிற பேர் அங்கே யாருக்கும் தெரியாது. எம்.ஏ. படித்தவள் அக்கா நான்.

எனக்கு எது ரொம்பக் கோபம் என்றால், என்னை உப்பளத்துக்காரி என்றே நினைத்துவிட்டார்கள். கேமராக்காரர் ஒருநாள் கேட்கிறார், "நீ எத்தனை வயசுல உப்பு அள்ளப் போனே?" என்று. நானா? எங்கள் வீட்டில் யாரும் உப்பளத்துப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. நிறத்தைப் பார்த்தால் போதுமா, உடனே உப்பளத்துக்காரி என்று முடிவு கட்டிவிடுவதா? நாங்கள் எல்லாம்...

நீங்கள் எங்கே அக்கா வேலை? தருவைக்குளத்துக்கு இந்தப் பக்கமா? உப்பளத்திலா? ஐயோ, உங்களைச் சொல்லவில்லை அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னது என்னவென்றால், ஒருவர் யார் என்று விசாரிக்காமல் சொல்லக்கூடாது, இல்லையா? அவ்வளவுதான்.

மேடத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். என்னைக் கேரவனுக்குள் கூப்பிட்டு ஏசியில் உட்காரச் சொல்வார். அவர் வெயிலுக்குப் பூசுகிற விலைகூடிய கிரீமில் ஒன்று எனக்கே கொடுத்தார். கொடுத்துவிட்டு என்ன சொல்வார் தெரியுமா? "யூ ஆர் ஸோ லக்கி, கனி." தினமும் சொல்வார். நீ லக்கி, உனக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், அப்படியே எழுந்து வந்துவிடலாம், நான் பார், இந்த நாற்றத்தோடு தூங்கி எழ வேண்டும். லக்கியாம். ஒருநாள் அவருடைய அம்மா வீடியோவில் வந்தார். மகளைப் பார்த்ததும் அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தியில் என்னவோ கேட்டார். மேடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். என்ன என்று கேட்டேன். "எனக்குத்தான் கழுவினால் போய்விடுமே என்று சொன்னேன்" என்றார். சிரித்துக்கொண்டே அக்கா. மனதில் ஒன்றும் இல்லாமல் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? வசனத்தைச் சொல்லிக்கொடுத்தேன். "செய்யறேன் இல்ல மேடம், செய்யுதேன். வர்றேன் இல்ல, வாரேன்." நல்லவேளை, அவருக்கு அதிகம் வசனம் கிடையாது. முறைப்பதும் அழுவதும்தான்.

அங்கே நிஜமான உப்பளத்துப் பெண்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள், பின்னால் உப்பு அள்ளுகிறமாதிரி காட்ட. அவர்கள் அள்ளுகிறமாதிரி எங்கே காட்டினார்கள், அள்ளவே செய்தார்கள். அவர்கள் மேடத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் கேமராக்காரர் முகத்தைச் சுளிப்பார். டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பாஷையில நல்லவிதமா சொல்லி, அவங்களை அந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொல்லும்மா" என்றார். நான் போய்ப் பக்குவமாகத்தான் சொன்னேன். "ஏ சித்தி, கொஞ்சம் அந்தப் பாத்திக்குப் போயிருங்க. இங்க நின்னா படம் கெட்டுப்போகும்."

அதில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, வாய்க்காரி. "ஏன் தாயி, எங்க கருப்பு மிசின்ல ஒட்டிக்கிடுமோ?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீ எங்க நிக்கப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர்களுக்குச் சினிமாவைப் பற்றி என்ன தெரியும் சொல்லுங்கள். அதில் சில முறை இருக்கிறது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று. நான் வேலைக்கு வந்தவள், சொன்னதைச் செய்தேன். அவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அது அதோடு முடிந்தது.

இனிமேல்தான் இருக்கிறது கூத்து.

ஒருநாள் மெட்ராஸில் இருந்து டைரக்டருக்கு ஒரு போன். படத்தை வெட்டி ஒட்டுகிறவர் பேசினாராம். கதாநாயகி சீனுக்குச் சீன் வெளுத்துக்கொண்டே வருகிறாராம். முதல் சீனில் அடுப்புக்கரி, நடுவில் கோதுமை, இப்படியே போனால் கிளைமாக்ஸில் பால்கோவா ஆகிவிடுவார் என்றாராம். டைரக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் கேரவனுக்கு ஓடி வந்தார்.

"யோவ் பெனடிக்ட்! என்னய்யா பண்ணிவெச்சிருக்கே?"

"சார், கர்த்தர் மேல சத்தியமா தினமும் ஷேட் கார்டோட மேட்ச் பண்ணித்தான் போடுறேன் சார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டைரக்டரும் பார்த்தார். மேடமும் பார்த்தார். பெனடிக்ட் அண்ணன் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வாட்சைக் கழற்றிப் பார்த்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. அப்புறம் பெரிய திருட்டைக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார், "சார், இது வெளுத்துடுச்சு சார்."

இது. இவள்கூட இல்லை, இது.

நான் என்ன செய்வேன் அக்கா? இவ்வளவு நாளும் ஏசியில் உட்கார வைத்தது யார்? கிரீம் கொடுத்தது யார்? அது போதாதென்று நான் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பூசுகிற என்னுடைய கிரீமும் இருக்கிறது, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சீன் வரப்போகிறதே, கொஞ்சம் பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று, நடுவில் பார்லருக்குப் போய்க் கைக்கும் முகத்துக்கும் ப்ளீச்சிங் செய்துகொண்டேன். அது குற்றமா? அம்மாவே அந்த வாரம், "ஏட்டி, ஒரு சுத்து நெறம் ஏறியிருக்க" என்று சொல்லித் திருஷ்டி சுற்றிப் போட்டாள். வீட்டில் திருஷ்டி, இங்கே திட்டு. வெளுத்துவிட்டாய் என்று என்னைத் திட்டின முதல் மனிதர்கள் இவர்கள்தான். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

"வெயில்ல உட்கார வை. பழைய கலருக்கு வரட்டும்" என்றார் டைரக்டர்.

உட்கார வைத்தார்கள் அக்கா. உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உச்சி வெயிலில். குடை மேடத்துக்குப் போய்விட்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் எப்படிக் கண்ணைக் குத்தும் என்று. காயப்போட்ட நெத்திலி மாதிரி இருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "ஷேட் கார்டு, திரும்பி உட்காரு, ஒரு பக்கம் தீஞ்சுடப்போவுது." அப்படியும் அவர்களுக்குப் பழைய கலர் வரவில்லையாம். சிவந்துதான் போனேனாம்.

அதற்குப் பெனடிக்ட் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த லோஷனையே எனக்கும் பூசுவது. பழைய போட்டோவில் நான் எப்படி இருந்தேனோ, அந்தக் கறுப்புக்கு என்னைக் கொண்டுவருவது. வந்ததும் என்னைப் பார்த்து மேடத்துக்குப் பூசுவது. யோசித்துப் பாருங்கள். நான் என்னைமாதிரி இருப்பதற்கு எனக்கு மேக்கப். அதுவும் மேடத்துக்குக் கையுறையோடு இரண்டு பேர் பூசுவார்கள். எனக்குப் பாட்டிலில் மிச்சத்தைக் கையில் ஊற்றி, "நீயே தேய்ச்சுக்கோ" என்றார்கள். வெறும் கையால் தேய்த்தேன். அதுதான் இந்த உள்ளங்கை.

இதையும் பொறுத்தேன். எதற்காக? அந்த ஒரு சீனுக்காக. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன் தெரியுமா? கோபமாக, கொஞ்சலாக, அழுகை வருவதை அடக்கிக்கொண்டு. கடைசியில், அழுகையை அடக்குவதுதான் சரி என்று தோன்றியது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நேற்றுத்தான் அந்த சீன். தாவணி கட்டி, தூக்குச்சட்டியோடு வரப்பில் நடந்து வந்தேன். மேடம் உட்கார்ந்திருக்கிறார், நான் பக்கத்தில் குந்துகிறேன், தட்டைப் பிடுங்குகிறேன். ஒத்திகையிலேயே சுற்றி நின்றவர்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள் அக்கா. எனக்குத் தெரியும், நன்றாக வந்தது. பேச்சியம்மாள்கூட அந்தப் பாத்தியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

அப்போது கேமராக்காரர், "சார், இங்க வந்து கொஞ்சம் பாருங்க" என்றார்.

டைரக்டர் போனார். பெனடிக்ட் அண்ணன் போனார். மூன்று பேரும் படம் தெரிகிற அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். காற்று என் பக்கம் அடித்தது, எல்லாம் கேட்டது.

"இந்தப் பொண்ணு பக்கத்துல வந்தா மேடம் மேல பூசினது தெரியுது சார். தனியா இருந்தாத் தெரியல."

"ரெண்டு பேருக்கும் ஒரே லோஷன்தானேய்யா?"

பெனடிக்ட் அண்ணன் சொன்னார், "லோஷன் ஒண்ணுதான் சார். தோல் வேற. இந்தப் பொண்ணுக்கு விரல் முட்டி கறுத்திருக்கு, உதடு கறுத்திருக்கு, உள்முழங்கை வெளுத்திருக்கு. ஒரிஜினலைப் பக்கத்துல வெச்சா டூப்ளிகேட்டைக் காட்டிக் குடுத்துரும் சார்."

என்னை ஒரிஜினல் என்று ஒருவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒதுக்குவதற்கு.

"அப்ப தங்கச்சியை வெளுப்பாப் போட்டுடு. தங்கச்சி வெளுப்பா இருந்தா மேடம் கறுப்பாத் தெரிவாங்க. இன்னும் நேச்சுரலா இருக்கும்" என்றார் டைரக்டர். உடனே மெட்ராஸுக்கு ஒரு போன். முடிந்தது. என்னிடம் வந்து ஒருவர் சொல்லவேண்டுமே? தாவணியைக் கழற்றிக் கொடு என்றுதான் சொன்னார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே, "எடுத்தாச்சா?" என்றாள். "நாளைக்கு" என்றேன்.

இன்றைக்குக் காலையில் வந்துவிட்டாள் ஒருத்தி. மேடம் அளவுக்கு இல்லை என்றாலும் நல்ல வெளுப்பு. என் தாவணி அவள் மேலே. அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்க யாரைக் கூப்பிட்டார்கள் என்கிறீர்கள்? என்னைத்தான். சொல்லிக்கொடுத்தேன் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊட்டுதேன்" என்பது அவள் வாயில் நுழையவே இல்லை. ஊட்டுறேன், ஊட்றேன், ஊத்துறேன். ஒரு தடவை, "உப்பு ஏன் கடிக்கும்? உப்புக்குப் பல்லா இருக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. சிரித்தவர்கள் கன்னத்திலும். என் வரியை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெனடிக்ட் அண்ணன் கத்துகிறார், "ஷேட் கார்டு, பேசினது போதும், போய் வெயில்ல உட்காரு. நாளைக்கு மேட்ச் பார்க்கணும்."

போனேன். அந்த நாற்காலி வரைக்கும் போனேன். அதைத் தாண்டி நடந்தேன். வரப்பைத் தாண்டி, லாரி நிற்கிற இடத்தைத் தாண்டி, ரோட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. நான் போனதே யாருக்கும் தெரிந்திருக்காது. பஸ் வந்தது, கையைக் காட்டினேன், ஏறிவிட்டேன்.

இதற்குப் பேர் என்ன அக்கா? ஒருத்தியின் நிறத்தை எடுத்துக்கொள்வார்களாம், பேச்சை எடுத்துக்கொள்வார்களாம், ஆள் மட்டும் ஆகாதாம். மனிதரை மனிதராக மதிக்காதவர்கள். ஒருத்தியைப் பார்த்து, நீ இங்கே நின்றால் படம் கெட்டுப்போகும் என்று சொல்ல எப்படி மனசு வரும்? சொல்கிறவர்களுக்கு வாய் கூசாதா? ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சொல்வது சரிதானே?

இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன். மேடம் வந்து கூப்பிட்டாலும் சரி, டைரக்டரே வந்து கூப்பிட்டாலும் சரி. எனக்கும் ரோஷம்...

இருங்கள், போன். கௌசிக் சார்தான்.

ஹலோ? சொல்லுங்க சார்... பஸ்ல இருக்கேன் சார்... தலைவலி சார், அதான். சொல்லிட்டுத்தான் வரணும்னு நெனச்சேன்... ம்... ம்... இன்னும் ஊட்றேன்னுதான் சொல்லுதாளா?... தே சார், தே. ஊட்டு-தேன்... ஆமா, டப்பிங் இல்லன்னு சொல்லிட்டீங்களே, கஷ்டம்தான்... யாரு சார், நானா?... இல்ல சார், நான் நின்னா மேடத்தோட கலரு காட்டிக் குடுத்துரும்னு... ம்... ம்... வெளுப்பாவா? எனக்கா?... பெனடிக்ட் அண்ணன் முடியும்னு சொன்னாரா?... கழுத்து, கை எல்லாமேவா?... எவ்வளவு வெளுப்பா சார்?... சரி சார். இல்ல சார், ரொம்ப தூரம் வரல சார். பட்டினமருதூர்தான். எதிர் பஸ் இருக்கும் சார். வாரேன் சார்.

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள். கண்டக்டர் அண்ணே, இறங்கணும்! நிறுத்துங்க, நிறுத்துங்க!

அந்தப் பெண்ணால் முடியவில்லையாம். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். என்னையே வெளுப்பாக்கி நிறுத்தப் போகிறார்கள். நான் வெளுப்பு, மேடம் கறுப்பு. என் வாயால் என் வரி. நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள் அக்கா, என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதை அங்கே போய்க் கண்டிப்பாகக் கேட்பேன். சீன் முடியட்டும். பையை எடுத்துத் தாருங்கள், உங்கள் கூடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு இனிமேல் பொய் சொல்ல வேண்டாம் பாருங்கள், நாளைக்கு என்று சொன்னது சரியாகப் போயிற்று.

படம் வந்தால் அவசியம் பாருங்கள் அக்கா. மேடத்துக்குப் பக்கத்தில் வெளுப்பாக ஒருத்தி குந்தியிருப்பாள், தட்டைப் பிடுங்குவாள். அது நான்தான். உங்களுக்கு அடையாளம் தெரியாது, அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.